றொபேட் வீட்டு ஷெல்

கொழும்பு
8.9.1996

அன்புள்ள தம்பி கோணேஸ்வரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் கிருபனும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு வலி எப்படி? கம்பளிச் சட்டையைக் குளிருக்கு முன்னமே வாங்கு. போன வருடம் போல நடுங்கிய பிறகு கடைக்கு ஓடாதே.

திருகோணமலையிலிருந்து வந்து இந்த லொட்ஜில் குந்தியது முதல் அதே அறைதான். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கிருபனுக்குப் பத்தொன்பது வயது. தமிழ்ப் பெடியனுக்கு இந்த ஊரில் அந்த வயதே ஒரு குற்றம். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் மறித்து, ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கிறார்கள்.

மாமன் என்ற முறையில் நீ கையெழுத்து வைத்து அனுப்பிய பத்திரங்களைக் கனடா ஹைகொமிஷனில் கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார்களாம். பிறகு பொலிஸ் நற்சான்று ஒன்றைக் கொடுத்தால் விசா கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை இவன் ஒரு வம்பிலும் மாட்டக்கூடாது. எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

லொட்ஜுக்கு ரெலிபோன் எடுக்காதே. அது முதலாளி வீரக்குட்டியின் மேசையில் இருக்கிறது. நல்ல மனுசன்தான், ஆனால் நான் இருமினாலும் ஏன் இருமினேன் என்று கேட்பார். நமக்குக் கடிதமே போதும்.

அன்புடன்,
அக்கா தெய்வநாயகி

மாமா, அம்மா மிச்சம் விட்ட இடத்தில் நான் எழுதுகிறேன். பக்கத்து அறைப் பெடியனுக்கு அவன் சித்தப்பா சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் படம் அனுப்பியிருக்கிறார். கார் அவருடையது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காட்டித் திரிகிறான். நீங்களும் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்புங்கள். பழைய கார் வேண்டாம். மருமகன் கிருபன்.


ஸ்காபரோ
6.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன், நம்புங்கள். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க அந்தக் கோணேசரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விட்பி பக்டரியில் என்னோடு வேலை செய்யும் றொபேட்டைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். தினமும் என்னைக் காரில் ஏற்றி இறக்குகிறவன். போன ஞாயிறு சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டான். சாப்பிட்டு முடிய, "கீழே வா, என்னுடைய சாமான்களைக் காட்டுகிறேன்" என்றான். பேஸ்மென்ட் படியில் பாதி இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் வரிசையாக ஷெல், பீரங்கிக் குண்டுகள். பித்தளைக் கோது ஒன்றுக்குள் குடைகளைச் செருகி வைத்திருக்கிறான்.

இது இங்கே குற்றமில்லையாம். உள்ளே இருக்கும் வெடிமருந்தை எடுத்து, பக்கத்தில் ஒரு துளை போட்டு, வெறுமை என்று யாரும் பார்க்கும்படி செய்துவிட்டால் சட்டத்துக்கு அது வெறும் இரும்பு. லைசென்ஸ் கூட வேண்டாம். வாங்கலாம், விற்கலாம். மருந்தோடு வைத்திருந்தால் ஜெயில், மருந்தில்லாமல் வைத்திருந்தால் பொழுதுபோக்கு.

"நாங்கள் இதுக்குப் பயந்து ஓடின ஆக்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவன் போய் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் படுக்க வைத்து, அதன்மேல் என்னைக் காலை வைக்கச் சொன்னான். துளை அழகைக் கெடுக்கிறது என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் படம் எடுத்தான். காட்டுப்பன்றி சுட்ட வேட்டைக்காரன் மாதிரி நிற்கிறேன். படம் இதற்குள் இருக்கிறது.

கிருபனிடம் சொல்லுங்கள். கார் எல்லாருடைய சித்தப்பாவுக்கும் இருக்கும். நம்மைப் பங்கர்க் குழிக்குள் ஓடக் கலைத்த சாமானின்மேல் கால் வைத்து நிற்கிற மாமா அவனுக்கு மட்டும்தான்.

தம்பி கோணேஸ்


கொழும்பு
3.11.1996

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழை. எனக்குக் கொஞ்சம் தும்மலும் தடிமனும், கிருபன் நல்ல சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

படம் கிடைத்தது. உனக்குப் பக்கத்தில் நிற்க அந்தப் பெரிய நாட்டில் ஒரு மரமும் கிடைக்கவில்லையா? கிருபன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இந்த ஊருக்கு வந்து அவன் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன், அதனால் என்னால் ஏசவும் முடியவில்லை. சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு லொட்ஜ் முழுவதும் காட்டித் திரிகிறான். எதிர் அறை அருள்மலரும் பார்த்து, "உங்கட தம்பிக்கு நல்ல பகிடி" என்றாள்.

பெட்டிக்குள் வை என்றால், "அது செத்த ஷெல் அம்மா, மாமா வடிவாய் எழுதியிருக்கிறாரே" என்கிறான். அங்கே செத்தது இங்கே எழும்பாது என்று யார் சொன்னது? இன்றைக்கு அவன் குளிக்கும்போது எடுத்து ஒளித்து வைக்கப் போகிறேன்.

அக்கா


ஸ்காபரோ
15.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தடிமன் மாறியதா? இங்கே முழங்கால் வரை ஸ்னோ. மற்றபடி சுகம்.

உங்கள் வாயாடி மகன் எங்கே? படத்துக்கு நன்றி என்று ஒரு வரி எழுதக் கை வலிக்கிறதா? ஹைகொமிஷனில் கூப்பிட்டார்களா? பொலிஸ் நற்சான்றுக்கு எழுதிப்போட்டானா? அவனுக்காக என் அறைக்கு ஒரு கட்டில் வாங்கிவிட்டேன்.

றொபேட் என்னை ஒஷாவாவுக்குக் கூட்டிப் போனான். பெரிய மண்டபத்தில் இப்படிப்பட்ட பழைய யுத்தச் சாமான்களுக்கே ஒரு சந்தை. தேர்த் திருவிழாக் கடை போல மேசை மேசையாக ஷெல், இரும்புத் தொப்பி, பதக்கம். தள்ளுவண்டியில் குழந்தையோடு பெண்கள். யூனிபோம் உடுப்போடு வந்த ஒரு பொலிஸ்காரனே தொப்பி ஒன்று விலை பேசினான். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கே நின்று எடுத்த படத்தையும் வைத்திருக்கிறேன். கிருபனுக்குக் கொடுங்கள், பக்கத்து அறைப் பெடியன் வயிறெரியட்டும்.

தம்பி கோணேஸ்


கொழும்பு
19.1.1997

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

படத்தைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டுவிட்டேன். இனிப் படம் ஒன்றும் அனுப்பாதே. காரோடும் வேண்டாம், மரத்தோடும் வேண்டாம்.

கிருபன் ஒரு வகுப்புக்குப் போகிறான். தூரம் என்பதால் அங்கேயே தங்குகிறான். எழுத அவனுக்கு நேரமில்லை. நான் கீழ்த்தட்டில் ஒரு கட்டில் போட்ட அறைக்கு மாறிவிட்டேன். விலாசம் அதேதான்.

ஹைகொமிஷன் விசயம் மெல்லமாக நடக்கட்டும். நீ ஒன்றுக்கும் அவசரப்படாதே.

அக்கா


ஸ்காபரோ
16.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்புக்கு ஏதாவதா? எனக்குச் சுகத்தில் குறைவில்லை, மனதில்தான் கொஞ்சம் குறை.

சந்தையில் நின்று எடுத்த படத்தை அடுப்பில் போடுமளவுக்கு அதில் என்ன இருந்தது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சட்டம் விட்டுவைத்த இரும்புத் துண்டுக்கு நீங்கள் இவ்வளவு பயப்படுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. சின்ன வயதில் உங்களைப் பகிடி பண்ணி அடி வாங்கியவன், கோபிக்காதீர்கள்.

ஒரு கட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் லீவில் வந்தால் எங்கே படுப்பான்? அவன் கையால் ஒரு வரி வேண்டும், அக்கா. மாமா என்று மட்டும் எழுதினாலும் போதும்.

கோணேஸ்


கொழும்பு
6.4.1997

தம்பிக்கு,

எழுதச் சுணங்கிவிட்டது. கொஞ்சம் அலைச்சல், வேறொன்றுமில்லை. உனக்குக் குளிர் குறைந்திருக்கும்.

கிருபன் இருக்கிறான். மெலிந்துவிட்டான். செவ்வாய்க்கிழமைகளில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எலும்பு முள் இருக்கக்கூடாது என்பதால் முட்டையும் பருப்பும்தான். உன்னைக் கேட்டான், சுகமாக இருக்கிறாய் என்றேன்.

அவன் கையால் ஒரு வரி என்று கேட்டிருந்தாய். இப்போது முடியாது. ஏன் என்று கேட்காதே.

அக்கா


ஸ்காபரோ
11.5.1997

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் தமிழ்க்கடையில் மீன் வாங்க நின்றேன். ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "நீங்கள் கோணேஸ் அண்ணையோ? படத்திலை பாத்த முகம்" என்றாள். உங்கள் எதிர் அறை அருள்மலர். வந்து ஒரு மாதம்தானாம். நான் சிரித்துக்கொண்டு, "கிருபன் என்ன செய்யிறான், படிப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. "அக்கா சொல்லேல்லையோ? நவம்பரிலேயே பொலிசிலை பிடிச்சிட்டாங்கள். சந்தியிலை மறிச்சவங்கள், பொக்கற்றுக்குள்ளை உங்கட படம் இருந்ததாம். இயக்கத்துக்கு ஆயுதம் வாங்கிற ஆளின்ரை மருமகன் எண்டு உள்ளுக்கை போட்டாங்கள்" என்றாள். மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? அவன் உள்ளே இருக்கும்போது இன்னொரு படம் அனுப்பியிருக்கிறேன். பயந்தவள் என்று உங்களைப் பகிடி வேறு பண்ணினேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

றொபேட்டிடம் சொன்னேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டான். அடுத்த நாளே லீவு எடுத்து என்னை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போனான். அந்த ஷெல் தன்னுடையது, இன்ன வருடம் செய்த உண்மையான இராணுவ ஷெல், மருந்து எடுத்துத் துளை போட்டது, இந்த நாட்டுச் சட்டப்படி வைத்திருக்கத் தடையில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்து வைத்தான். துளைப் பக்கத்தைப் படமெடுத்து ஒட்டினோம். இப்படி ஷெல் சேர்ப்பவர்களுடைய சங்கச் செயலாளரும் ஒப்பமிட்டார். சிவப்பு முத்திரை குத்தி, வழக்கை நடத்துகிற அரசாங்கக் கந்தோருக்கே நேரே பதிவுத் தபாலில் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன். பிரதி இதோடு இருக்கிறது.

எல்லாம் உண்மை, அக்கா. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. இதைப் படித்தால் விடத்தான் வேண்டும்.

கோணேஸ்


கொழும்பு
12.5.1997

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம். இன்றைக்குத்தான் மனம் விட்டு உனக்கு எழுதுகிறேன். இதைச் சிங்கப்பூர் போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து போகும் கடிதங்களை நம்ப முடியாது.

கிருபன் வகுப்புக்குப் போகவில்லை. நவம்பரில் பிடித்துப் போனார்கள். நீ அனுப்பிய முதல் படம் அவன் பொக்கற்றுக்குள் இருந்தது. நான் ஒளித்து வைக்க நினைத்த அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு முந்தி வெளியே போய்விட்டான். அவனை அடித்தார்கள், தம்பி. அதை இங்கே எழுதப் போவதில்லை.

உனக்குச் சொன்னால் அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் குளிருக்குள் தனியே என்ன செய்வாயோ என்று பயந்தேன். அதனால் மறைத்தேன்.

இப்போது நல்ல செய்தி. சட்டத்தரணி ஸ்ரீதரன் கெட்டிக்காரர். படத்தில் இருப்பது கண்காட்சிக்கு மட்டையும் பலகையும் வைத்துச் செய்த பொம்மை, ஸ்ரூடியோவில் மட்டைக் குதிரையில் ஏறிப் படம் எடுப்பதைப் போல ஒரு விளையாட்டு என்று நீதவான் கோட்டில் சொன்னார். "உண்மை ஷெல் எண்டு சொன்னால் இந்த நாட்டிலை ஆரும் மிச்சத்தைக் கேக்கமாட்டினம் அம்மா" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அரசாங்கப் பக்கத்தில் அந்தப் படத்தைத் தவிரக் காட்ட வேறு ஒன்றும் இல்லை. நீதவான் பாதி நம்பிவிட்டார். ஜூன் பத்தாம் திகதி புதிதாக ஒன்றும் வராவிட்டால் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் நற்சான்றும் கிடைக்கும், உன்னிடம் வரவும் வழி இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதுவரை படம், ஷெல், றொபேட் என்று ஒரு எழுத்தும் எங்கேயும் எழுதிவிடாதே.

போன செவ்வாய் கிருபன் கேட்டான், "மாமாவுக்குத் தெரியுமோ?" தெரியாது என்றேன். "நல்லது" என்றான்.

அக்கா


ஸ்காபரோ
29.5.1997

அக்கா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. என் கடிதம் கிடைத்திருக்குமா? கந்தோருக்கு அனுப்பியதை மறிக்க முடியுமா என்று போஸ்ட் ஒஃபீசுக்கு ஓடினேன். நாட்டை விட்டுப் போனதைத் திருப்ப முடியாது என்றாள் அங்கிருந்த பெண்.

உங்கள் சொல்லை மீறி லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தேன். வீரக்குட்டி, "அக்கா வெளியில, என்ன விசயம், சொல்லுங்கோ" என்றார். அவரிடம் எதைச் சொல்ல? வைத்துவிட்டேன். பிறகு எடுக்க எடுக்க லைன் கிடைக்கவில்லை.

ஸ்ரீதரனிடம் உடனே ஓடுங்கள். நான் பொய்யன் என்று சொல்லச் சொல்லுங்கள், எனக்குப் பைத்தியம் என்று சொல்லச் சொல்லுங்கள். அது மட்டைதான் என்று வேறொரு சத்தியம் எழுதி அனுப்புகிறேன். றொபேட்டைக் கேட்டேன். பொய்ச் சத்தியம் தன்னால் முடியாது என்றான். வேலை முடிந்து காரில் வரும்போது அவனாகவே, "எந்த இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்?" என்று கேட்டான்.

ஒரு பதில் போடுங்கள், அக்கா. என்ன பதில் என்றாலும் போடுங்கள்.

கோணேஸ்


கொழும்பு
22.6.1997

அன்புள்ள தம்பிக்கு,

இதுவும் கைவழியாகத்தான் வருகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ ரெலிபோன் எடுத்ததை வீரக்குட்டி சொன்னார். சுகம் கேட்க எடுத்திருப்பாய் என்று நினைத்துவிட்டேன். உன் மே மாதக் கடிதம் வழக்குக்கு முதல் நாள் பின்னேரம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீதரன் வீட்டுக்கு ஓடினேன். படித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் நிமிரவில்லை. அசல் அதற்கு முன்னமே போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

கோட்டில் அரசாங்கச் சட்டத்தரணி சிவப்பு முத்திரைக் காகிதத்தை எடுத்து வாசித்தார். உண்மையான இராணுவ ஷெல் என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தார். ஸ்ரீதரன் எழும்பி, துளையைப் பாருங்கள், உள்ளே வெறுமை, அந்த நாட்டில் சட்டம் விடுகிறது என்றெல்லாம் சொன்னார். "அப்படியானால் மட்டை என்று ஏன் சொன்னீர்கள்?" என்று ஒரு கேள்விதான் நீதவான் கேட்டார். நல்லதைச் செய்யப் போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கூண்டுக்குள் நின்ற கிருபன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தக் காகிதத்தை நான்தான் கொடுத்தேன் என்று நினைத்தானோ தெரியாது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். வேறு யார் என்று அவனுக்கு விளங்கியிருக்கும்.

வழக்கு மேல் கோட்டுக்குப் போகிறது. திகதி குறிக்கவில்லை. வருடக் கணக்காகலாம் என்கிறார் ஸ்ரீதரன். தூரத்துச் சிறை ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள், சோறும் கொடுக்க விடுகிறார்கள் இல்லை. ஹைகொமிஷனும் நற்சான்று வரவில்லை என்று விசாக் கோவையை மூடிவிட்டது.

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பாய். கோபம்தான், தம்பி. எழுதும் முன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். என்மேலும் அதே அளவு கோபம். நவம்பரிலேயே நான் சொல்லியிருந்தால் மே மாதத்தில் நீ அதை எழுதியிருக்கமாட்டாய். நீ துன்பப்படக்கூடாது என்று நான் மறைத்தேன், அவன் துன்பப்படக்கூடாது என்று நீ எழுதினாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டோம்.

றொபேட் கையெழுத்து வைக்க வேண்டாம். அந்த மனுசனின் வாக்காவது சுத்தமாக இருக்கட்டும். மட்டை என்று சத்தியம் எழுதுகிறேன் என்ற உன் கடைசிக் கடிதம் உறையைப் பிரித்துத் திரும்ப ஒட்டியபடிதான் என் கைக்கு வந்தது. அதையும் வழக்கில் சேர்ப்பார்கள் என்கிறார் ஸ்ரீதரன். அதனால் இனி எழுதாதே. ரெலிபோனும் எடுக்காதே. ஆள் மூலமும் ஒன்றும் சொல்லி அனுப்பாதே. உன் பெயர் இந்த வாசலுக்கு வரக்கூடாது.

நானும் எழுதமாட்டேன். அவன் வெளியே வருகிற அன்றைக்கு எழுதுவேன். வருத்தம் வந்து படுத்துவிட்டேனோ, செத்துவிட்டேனோ என்று கண்டபடி யோசிக்காதே, அவன் வரும்வரை நான் இருப்பேன். என் கடிதம் வரவில்லை என்றால் அவன் உள்ளே இருக்கிறான் என்று மட்டும் தெரிந்துகொள்.

வேலைக்குப் போ. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா